காட்டுக் கிழங்கும் உணவுதான்

நத்தத்துக்கு மேற்கே எழுந்து நிற்கும் சிறுமலையிலும், கொடைக்கானல் கீழ்மலைப் பகுதிகளிலும் பளியர் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறார்கள். வள்ளிக்கிழங்கு, நூறைக்கிழங்கு, கீரைகள், காட்டுப் பழங்கள், மலைத்தேன், கொம்புத்தேன் ஆகியவைதான் அவர்களுடைய முன்னோரை வாழவைத்தன. இன்று ரேஷன் அரிசியும் தோட்டக் கூலியும் உண்டு. என்றாலும் காட்டுணவின் தேவை தீர்ந்துவிடவில்லை. கிழங்கு தோண்டுவதையும் தேன் எடுப்பதையும் அத்துமீறலாகப் பார்ப்பதை விட்டு, உணவுரிமையாக நாம் ஏற்க வேண்டும்.

இயற்கையிலிருந்தே உணவு தேடுவது பளியர்கள் மட்டுமல்ல. வடதுருவத்தை ஒட்டி வாழும் இனுயிட் மக்களின் நிலத்தில் பயிர்த்தொழிலுக்கு வழியில்லை. சீலும் திமிங்கலமும் கரிபூ மானும் மீனும்தான் அவர்களுக்குச் சோறு. திமிங்கலத் தோலைப் பச்சையாகத் தின்பதால் வைட்டமின் சி கூடக் கிடைத்துவிடுகிறது. அமெரிக்கா 1972இல் கடல் பாலூட்டிகளைக் காக்கச் சட்டம் கொண்டுவந்தபோது, அலாஸ்காவின் கடலோரப் பழங்குடியினர் பிழைப்புக்காக வேட்டையாடலாம் என்று அதிலேயே விலக்களித்தது. அதே ஆண்டு வந்த நமது வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், நிக்கோபார் பழங்குடியினரின் வேட்டை உரிமையை மட்டுமே தொடாமல் விட்டது. 2006இன் வன உரிமைச் சட்டமும் வேட்டையை விலக்கியே வைத்தது. வேட்டையை விலக்கியது சரி என்பதே என் கருத்து. சுற்றிலும் ஊர்களும் வயல்களும் சூழ்ந்த சிறுமலை போன்ற சிறிய காடு வேட்டையைத் தாங்காது. ஆனால் அதே வன உரிமைச் சட்டம் சிறு வன மகசூலின் வரையறையில் தேனையும் கிழங்கையும் வேரையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அவற்றைச் சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் உரிமை கொடுத்திருக்கிறது.

காடு அழிந்துபோகாதா என்று கேட்பவர்கள் உண்டு. அக்கறையுள்ள கேள்விதான். வள்ளிக்கொடியின் தலைப்பக்கத்தை மண்ணிலேயே விட்டுவைத்தால் அது மறுபடி தழைக்கும். அடுத்த ஆண்டும் அதே இடத்துக்கு வந்தாக வேண்டியவருக்குத்தான் அந்தக் கவனம் இருக்கும். வியாபாரிக்காக அவசரமாக வேரோடு பிடுங்கும்போதே கொடி அழிகிறது. அரிசி கொடுக்கிறோமே, கிழங்கு எதற்கு என்றும் கேட்கிறார்கள். அரிசி வயிற்றை நிரப்பும். கீரையும் பழமும் தேனும் தரும் சத்தை அது தராது. கூலி கிடைக்காத நாட்களில் குழம்புக்கு வழி செய்யாது. உரிமையை அவர்களே கேட்டு வாங்கிக்கொள்ளட்டுமே என்பவர்களுக்கும் பதில் உண்டு. 1960களில் பளியர்களிடையே ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், சண்டை வந்தால் எதிர்த்து நிற்காமல் விலகிப் போய்விடும் மக்களாக அவர்களைப் பதிவு செய்தார். அப்படிப்பட்டவர்கள் அலுவலகம் அலுவலகமாக ஏறி வாதாட மாட்டார்கள். அவர்கள் மனுவோடு வரட்டும் என்று காத்திருப்பது, உரிமை இல்லை என்று சொல்வதற்குச் சமம். எனவே கிராம சபையும் வருவாய்த்துறையும் வனத்துறையும் அவர்களுடைய குடியிருப்புகளுக்கே போய், எந்தச் சரிவில் கிழங்கு, எந்தப் பாறையில் தேன் என்று அவர்கள் வாயால் கேட்டு எழுதி, அந்தச் சட்டத்தின்படி சமூக வன உரிமையை வழங்க வேண்டும்.