எந்த ஆண்டு முதல் பூர்வீகம்?



இந்தச் சொற்பொழிவு எந்த ஆசிரியரின் நினைவாக நடக்கிறதோ, அவரிடம் நான் மூன்று ஆண்டுகள் தாவரவியல் படித்தேன். 1980களின் தொடக்கத்தில் எங்கள் வகுப்பை அவர் உதகைக்கு அழைத்துச் சென்றார். பேருந்து குன்னூரைத் தாண்டியதும் எழுந்து நின்று, "ஜன்னலுக்கு வெளியே தெரியுறதுல இந்த மலைக்கே சொந்தமானது எது, சொல்லுங்க பார்ப்போம்" என்றார். கற்பூர மரம் என்றோம். ஆஸ்திரேலியா என்றார். சீகை மரம்? அதுவும் ஆஸ்திரேலியா. தேயிலை என்றதற்குச் சீனாவையும் அசாமையும் காட்டினார். உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவுக்குப் போனது. உண்ணிச்செடியும் அதே திசைதான். கடைசியில் ஒரு மாணவி தூரத்துப் புல்வெளியைக் காட்டினாள். இன்னொருவன் குறுக்கிட்டு, "அது காட்டை வெட்டினதால வந்த புல்லுதானே சார்?" என்றான். ஆசிரியர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. "அதுக்கு ஆதாரத்தோட பதில் இன்னும் வரலை" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பதில் 1993இல் வந்தது. சூழலியலாளர் ஆர். சுகுமாரும் அவருடன் பணியாற்றியவர்களும் நீலகிரியின் சதுப்புகளில் படிந்த மண்ணை ஆராய்ந்து நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். மரங்களும் வெப்ப மண்டலப் புற்களும் கரியமில வாயுவை வெவ்வேறு வழியில் எடுத்துக்கொள்கின்றன. அதனால் அவை மக்கி விட்டுச் செல்லும் கரிம ஐசோடோப்புகளின் விகிதமும் வேறாக இருக்கிறது. அந்த விகிதத்தை அடுக்கடுக்காக அளந்தபோது, ஏறக்குறைய 20,000 ஆண்டுகளாக அங்கே புல்வெளி இருந்து வந்திருப்பது தெரிந்தது. தட்பவெப்பம் மாற மாறக் காடும் புல்லும் விரிந்தும் சுருங்கியும் வந்திருக்கின்றன. நாம் காட்டை அழித்து உண்டாக்கிய புல்வெளி இல்லை அது.

ஆனால் இந்தப் பதில் வருவதற்குள் ஒன்றரை நூற்றாண்டு போய்விட்டது. மரமில்லாத இடம் வெற்றிடம் என்று நினைத்து, 1840கள் தொட்டு ஆஸ்திரேலிய மரங்களைக் கொண்டுவந்து நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அது நிற்கவில்லை. நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் எருமைகள் மேய்ந்த சரிவுகள் சீகைத் தோப்புகளாயின. இம்மலைக்கு எது உரியது என்ற கேள்விக்குத் தவறான விடையை வைத்துக்கொண்டு செயல்பட்டதற்கு அந்த மலை கொடுத்த விலை அது.

அதனால் 'பூர்வீகம்', ஆங்கிலத்தில் 'நேட்டிவ்', என்ற கருத்தை வேண்டாமென்று சொல்ல நான் இங்கே வரவில்லை. அது வேண்டும். ஒவ்வொரு துறையும் அதை எந்த ஆண்டிலிருந்து கணக்கிடுகிறது, அந்த ஆண்டை யார் குறித்தார்கள் என்பதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறேன்.

தாவரவியலார் இந்தச் சொல்லைச் சட்டத்திலிருந்து கடன் வாங்கினார்கள். 1847இல் ஹியூவெட் வாட்சன் பிரிட்டனின் செடிகளைத் தரம் பிரிக்கும்போது மண்ணுக்குரியவை, குடியுரிமை பெற்றவை, குடியேறியவை, அயலவை என்று அடுக்கினார். பிறப்பால் குடிமகனானவர், உரிமை வழங்கப்பட்டவர், அந்நியர் என்று ஆங்கிலச் சட்டம் மனிதர்களைப் பிரித்த முறைதான் செடிகளின் மேல் ஏறியது. பின்னர் ஐரோப்பியர்கள் ஒரு கோடும் போட்டுக்கொண்டார்கள். கொலம்பஸ் கடல் கடந்த 1492ஐ, அல்லது முழு எண்ணாக 1500ஐ வைத்து, அதற்கு முன் மனிதரோடு வந்து சேர்ந்தவை பழைய வரவு, பின் வந்தவை புது வரவு என்றார்கள். அவர்களுக்கு அது பொருத்தமான கோடு. நமக்கு?

புளியை எடுத்துக்கொள்ளுங்கள். அரபியர் அதை இந்தியப் பேரீச்சை என்று அழைத்தார்கள். அந்தப் பெயரே லத்தீனில் ஏறி, லின்னேயஸ் 1753இல் வைத்த அறிவியல் பெயரிலும் 'இண்டிகா' என்று நிற்கிறது. ஆனால் மரத்தின் பிறப்பிடம் ஆப்பிரிக்கா என்பதே தாவரவியலாரின் முடிவு. தமிழர் சமையலில் அது எவ்வளவு பழையது என்பதைச் சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புளியமரத்தை அயல்மரம் என்று எழுத எந்தத் தமிழனுக்குக் கை வரும்?

நம் சந்தை இதற்கு வேறொரு கணக்கு வைத்திருக்கிறது. நாட்டுக்கோழி, நாட்டுமாடு என்பதுபோல நாட்டுத் தக்காளி என்றும் சொல்கிறோம். தக்காளி, மிளகாய், நிலக்கடலை எல்லாமே போர்த்துக்கீசியர் வருகைக்குப் பிறகு அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. இருந்தும் ஒட்டுரகம் வருவதற்கு முன் நம் வயலில் பழகிப்போனதை 'நாட்டு' என்கிறோம். கறிக்குப் புளிப்புத் தருகிறதா, விதை எடுத்து வைக்க முடிகிறதா என்பதுதான் அங்கே அளவுகோல். இதை அறியாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. நெடுநாள் உறவை வைத்துச் சொந்தம் கொண்டாடும் முறை அது. அதே மக்கள்தான் வேலிகாத்தானைச் சீமைக் கருவேல் என்று பெயரிட்டு இன்றுவரை தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள். கண்மாயில் அது செய்த கேட்டைப் பார்த்து வைத்த தீர்ப்பு அது.

மொழியியலுக்கு வருகிறேன். ஒருவர் முதலில் பேசக் கற்ற மொழியே அவருடைய சொந்த மொழி என்றார் புளூம்ஃபீல்ட், 1933இல். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இன்னும் நுணுக்கமாகப் போகிறது. குழந்தைப் பருவத்தில் தாய் நம்மிடம் பேசிய மொழிதான் தாய்மொழி. தாய் அப்போதே இறந்திருந்தால், வீட்டில் பெரிதும் பேசப்பட்ட மொழி. இங்கே பூர்வீகம் ஒருவரின் முதல் சில ஆண்டுகளுக்குள் முடிந்துவிடுகிறது. 2011இல் மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. அவற்றை வடிகட்டி 1,369 தாய்மொழிகளாக்கி, பிறகு 121 மொழிகளுக்குள் அடக்கினார்கள். அந்த அடக்கலில் இருளர் மொழி தமிழுக்குள்ளும், படகர் மொழி கன்னடத்துக்குள்ளும் போய்விட்டன. தாய் பேசிய மொழி எது என்று கேட்டுவிட்டு, பதிலை வேறு மொழியின் பெட்டியில் போடுவது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

நீலகிரி மலையில் 1935 முதல் 1938 வரை தோடர், கோத்தர் மொழிகளைக் கேட்டு எழுதியவர் மொழியியலாளர் எமனோ. கனடாவில் பிறந்தவர். அவருடைய தோடர் பாடல்கள் தொகுப்பு 1971இல் வந்தது. அதன் அளவுக்குத் தோடர் மொழியை உலகம் அறியச் செய்த வேறு நூலை நான் அறியேன். அயலாரும் ஒரு மொழிக்கு உண்மையாக உழைக்க முடியும் என்பதற்கு அந்த நூல் சான்று. தாய்மொழியாளர் என்ற தகுதியையே அளவுகோலாக வைத்து ஆசிரியர் வேலை தரும் நிறுவனங்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மானிடவியலில் இந்தச் சொல் வெகுகாலம் ஆராயப்படுபவரை மட்டுமே குறித்தது. ரிவர்ஸ் 1906இல் தோடர்களைப் பற்றி எழுதியபோது எழுதுபவர் ஒரு பக்கம், சுதேசி மறுபக்கம். பிறகு சுதேசியே பேனாவை எடுத்தார். எம்.என். சீனிவாஸ் தன் மைசூர் நாட்டுக் கிராமம் ஒன்றைப் பற்றி எழுதினார். ஆனால் அவர் நகரத்தில் வளர்ந்த பிராமணர். அந்தக் கிராமத்துக்கு அவர் எந்த அளவுக்கு உள்ளூர்க்காரர்? கிரின் நாராயண் 1993இல் எழுதிய கட்டுரை இந்தக் கேள்வியைத் தன்மேலேயே திருப்பிக்கொண்டது. குஜராத்தித் தந்தைக்கும் ஜெர்மானிய அமெரிக்கத் தாய்க்கும் பிறந்தவர் அவர். ஊர், சாதி, படிப்பு, பால் என ஒவ்வொன்றிலும் நாம் பாதி உள்ளே, பாதி வெளியே நிற்கிறோம் என்பது அவர் வாதம். எனக்கு அது சரியென்றே படுகிறது.

உயிர்வேதியியல் மாணவர்கள் சிலரை இங்கே பார்க்கிறேன். உங்கள் துறையில் 'நேட்டிவ்' என்ற இந்தச் சொல்லுக்கு ஆண்டே தேவையில்லை. ஒரு புரதம் மடிந்து தன் வேலையைச் செய்யும் வடிவமே அதன் இயல்நிலை. முட்டையை அவித்தால் அந்நிலை கலைந்துவிடும். ஆனால் அன்ஃபின்சன் ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதியை யூரியாவில் குலைத்து, உரிய முறையில் யூரியாவை நீக்கியதும் அது தானே பழையபடி மடிந்து வேலைக்குத் திரும்பியது. 1972இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எங்கிருந்து வந்தாய் என்று கேட்காத இந்த ஒரு துறை எனக்குப் பிடித்தமானது.

சட்டம் அந்தக் கேள்வியைக் கேட்கும், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அல்ல. அட்டவணைப் பழங்குடி யார் என்பதற்கு 1965இல் லோகூர் குழு வைத்த அளவுகோல்களில் யார் முதலில் வந்தார் என்பது இல்லை. தொன்மைக் கூறுகள், தனிப் பண்பாடு, ஒதுங்கிய இருப்பிடம், பிறரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை என்பனவே உள்ளன. கூச்சத்தை ஒரு சமூகத்தின் அடையாளமாக எழுதி வைத்தது அந்த மக்களுக்கு இழைத்த அவமதிப்பு. 2007இல் ஐ.நா.வின் பூர்வகுடிகள் உரிமைப் பிரகடனத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. விடுதலையின்போது இந்நாட்டில் இருந்த எல்லா மக்களும் பூர்வகுடிகளே என்பது அரசின் நிலைப்பாடு. அப்படியானால் அங்கே ஆண்டு 1947. வன உரிமைச் சட்டத்துக்கு வேறு ஆண்டு. பழங்குடியல்லாத வனவாசி ஒருவர், 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறையாக, அதாவது 75 ஆண்டுகளாகக் குடியிருந்ததை நிறுவ வேண்டும். 1930இல் காட்டோரம் வாழ்ந்த குடும்பத்திடம் என்ன ஆவணம் இருக்கும்?

இந்த ஆண்டுகளுக்கிடையே நசுங்கிப் போனவர்களைப் பார்க்க நாம் நீலகிரியை விட்டு இறங்க வேண்டியதில்லை. கோத்தகிரியிலும் கூடலூரிலும் 'சிலோன்காரங்க' என்று அழைக்கப்படும் குடும்பங்கள் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலிருந்து இலங்கை மலையகத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள். தலைமுறைகள் கடந்தும் அந்நாட்டுக் கணக்கெடுப்பில் அவர்கள் இந்தியத் தமிழர் என்றே குறிக்கப்பட்டார்கள். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களுக்கு நம் அரசு கொடுத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. அவர்களில் மிகப் பலர் இந்த மண்ணை அதற்கு முன் பார்த்ததே இல்லை. அங்கே இந்தியர், இங்கே சிலோன்காரர். அவர்களுக்கு வேலை தருவதற்காக அரசு தொடங்கிய டேன்டீ தோட்டங்களில் அவர்கள் கொழுந்து பறித்தது, வெளியிலிருந்து வந்த தேயிலைச் செடியில்.

செடிக்கு வைத்த அளவுகோலை மனிதர்மேல் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை. நீலகிரியில் வாழும் படகர் என்ற பெயருக்கே வடக்கர் என்றுதான் பொருள். தாவரவியலாரின் 1500ஐக் கொண்டுபோய் ஹட்டி எனப்படும் அவர்கள் ஊர்களில் வைத்து, நீங்கள் பழைய வரவா புது வரவா என்று ஒருவர் கேட்டால், அது ஆராய்ச்சி ஆகாது. சீகை மரம் புல்லை அழித்தது என்பது அளந்து அறிந்த உண்மை. அதற்காக அதை வெட்டுவது சரி. 'வந்தேறி' என்று ஒரு மனிதரைச் சொல்ல அந்த உண்மை யாருக்கும் உரிமை தராது.

மாணவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆய்வேட்டில் பூர்வீகம், பூர்வகுடி, இயல்தாவரம், தாய்மொழியாளர் என்று எழுத நேரும் ஒவ்வொரு முறையும், எந்த ஆண்டு முதல், எந்த இடத்துக்கு, யார் கணக்கில் என்பதையும் அதே பத்தியில் எழுதுங்கள். உங்களை நெறிப்படுத்தும் பேராசிரியர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று இந்த அவையில் கேட்டுக்கொள்கிறேன்.