பைதானே, சார்!

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கடைசி வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, கடைசி வரிசையின் அருமை எனக்குத் தெரியும். நாலு வருஷம் அங்கேதான் குடியிருந்தேன்.

சங்கச் செயலாளர் போன் செய்து, "உன் வேலையைப் பத்தி ஏதாவது பேசுப்பா" என்றார். சிப் தயாரிக்கும் தொழிற்சாலைக்குத் தேவையான உயர் தூய்மை பாலிமர் பொருட்களை யாரிடம் வாங்கலாம், யாரிடம் வாங்கக் கூடாது என்று சோதித்துச் சொல்வது என் வேலை. இதை ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் பெரியம்மாவிடம் விளக்கியபோது, "பிளாஸ்டிக் சாமான் வாங்குறதுக்கா சிங்கப்பூர் வரைக்கும் போனே? மலைக்கோட்டைக் கடைவீதியிலேயே கிடைக்குமேடா!" என்றார். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலே இந்த உரை.

ஒரு சிலிக்கன் வேஃபர் சிப்பாக மாறுவதற்குள் பல முறை அமிலத்திலும் நீரிலும் குளித்து எழுகிறது. அந்த அமிலங்களில் ஒன்று ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். அது கண்ணாடியை அரித்துவிடும். எஃகுப் பாத்திரத்தில் வைத்தால் இரும்பு கரைந்து அமிலத்தோடு கலந்துவிடும். எனவே குழாய், வால்வு, தொட்டி, வேஃபர் அடுக்கும் கேசட் போன்றவற்றை பி.எஃப்.ஏ., பி.டி.எஃப்.இ., பி.வி.டி.எஃப். முதலிய ஃபுளோரின் கலந்த பாலிமர்களில் செய்கிறார்கள். பி.டி.எஃப்.இ. வேறு யாருமல்ல, 1938-இல் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்த, நம் தோசைக்கல்லில் இருக்கும் டெஃப்லான்தான். வேஃபரின் மேல் சர்க்யூட்டைப் பதிப்பதற்காகப் பூசும் போட்டோரெசிஸ்ட்டிலும் முக்கியமான சரக்கு ஒரு பாலிமர்தான்.

தோசைக்கல்லுக்கும் எங்கள் கேசட்டுக்கும் உள்ள வித்தியாசம் தூய்மையின் அளவு. ஒரு பொருளிலிருந்து கசிந்து வரும் உலோகத்தை நூறு கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில் அளக்கிறோம். காலத்தில் சொன்னால், சுமார் 32 வருஷத்தில் ஒரு நொடி. இவ்வளவு கறார் எதற்கு? சோடியம் டிரான்சிஸ்டரின் ஆக்சைடு படலத்துக்குள் புகுந்துவிட்டால், மின்புலத்தில் அங்குமிங்கும் நகர்ந்து, டிரான்சிஸ்டர் எந்த மின்னழுத்தத்தில் திறக்க வேண்டுமோ அதையே மாற்றிவிடும். நம் விரல் வியர்வையில் இருப்பதும் அதே சோடியம்தான்.

"அவ்வளவு பெரிய கம்பெனிகளில் தப்பு நடக்குமா?" என்று கேட்பீர்கள். நடந்தது. 2019 ஜனவரியில் தைவானின் டி.எஸ்.எம்.சி. நிறுவனத்தின் 14பி ஆலையில் வேஃபர்கள் தேறாமல் போகத் தொடங்கின. தேடிப் பார்த்ததில், சப்ளையர் அனுப்பிய ஒரு லாட் போட்டோரெசிஸ்ட்டில் ஒரு சேர்மானம் முறை தவறிப் பதப்படுத்தப்பட்டு, அதனால் வேண்டாத ஒரு பாலிமர் உருவாகியிருந்தது. அந்தக் காலாண்டு வருமானத்தில் சுமார் 55 கோடி டாலர் குறையும் என்று நிறுவனமே அறிவித்தது. ஒரு லாட் சரக்கு!

ஊரார் கதையைச் சொல்லி என் கதையை மறைப்பது அழகல்ல. சில வருஷங்களுக்கு முன் பி.எஃப்.ஏ. கேசட்டுக்கு ஒரு புதிய சப்ளையரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. விலை குறைவு, சான்றிதழ் சுத்தம், பேச்சு மரியாதை. மாதிரியை எங்கள் லேபில் ஊறவைத்து உலோகம் பார்த்தோம், எல்லாம் வரம்புக்குள். "ரெசினையோ, அச்சையோ, தயாரிக்கும் இடத்தையோ மாற்றுவதற்கு முன் எங்களுக்கு அறிவிக்க வேண்டும்" என்று ஒப்பந்தத்தில் எழுதி, கையெழுத்தும் போட்டேன். பெருமையாக இருந்தது.

நாலாவது மாதம் கடைசி அலசல் முடிந்து வந்த வேஃபர்களில் மங்கலான திட்டுத் திட்டாகப் படலம். இரண்டு கேசட், ஐம்பது வேஃபர் குப்பைக்குப் போயின. லைன் நின்றது. அமிலத்தைப் பார்த்தோம், தண்ணீரைப் பார்த்தோம், கேசட்டில் உலோகம் பார்த்தோம். ஒன்றும் இல்லை. கடைசியில் படலத்தையே சோதித்தபோது எருசமைடு என்ற மெழுகு போன்ற பொருள் அகப்பட்டது. பாலிதீன் பைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கித் திறப்பதற்காகச் சேர்ப்பது அது. சப்ளையர் கேசட்டில் எதையும் மாற்றவில்லை. அதைச் சுற்றி வரும் பையை மாற்றியிருந்தார்!

போனில் கேட்டேன். எதிர்முனையில் இருந்தவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "பைதானே, சார்!" என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒப்பந்தத்தை எழுதியது நான். அதில் பை என்ற சொல்லே கிடையாது. மூன்று வெவ்வேறு நாளில் செய்த லாட்களைக் கேட்க வேண்டிய இடத்தில், அவசரத்தில் ஒரே லாட்டைப் பார்த்துச் சம்மதித்தவனும் நான். மேலதிகாரியிடம் போய் அப்படியே சொன்னேன். வேலை போகவில்லை, தூக்கம் போயிற்று.

அடுத்த லீவில் ஊருக்கு வந்திருந்தபோது, 1-ஆம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனேன். ஐப்பசி மாதம். பெருமாள் திருமஞ்சனத்துக்குக் காவிரியிலிருந்து தங்கக் குடத்தில், யானை மேல் தீர்த்தம் வந்துகொண்டிருந்தது. சின்ன வயசிலிருந்து பார்த்த காட்சிதான். பெரியம்மா சாதாரணமாகச் சொன்னார்: "மத்த மாசமெல்லாம் கொள்ளிடத்துத் தீர்த்தம், வெள்ளிக் குடம். ஐப்பசி மட்டும் காவிரி, தங்கக் குடம்." எனக்குச் சுருக்கென்றது. எந்த ஆறு, எந்தக் குடம் என்பது வரைக்கும் அங்கே முறை இருக்கிறது. மாற்றமும் உண்டு, ஆனால் எந்த மாதம் மாறும், எதுவாக மாறும் என்பது ஊருக்கே முன்கூட்டித் தெரியும். "குடம்தானே!" என்று யாரும் சொல்வதில்லை. நான் ரெசினுக்கு எழுதினேன். குடத்துக்கு எழுத மறந்தேன்.

அன்றிலிருந்து சப்ளையரைப் பார்க்கும் என் கண் மாறிவிட்டது. இப்போது நான் கேட்பவை நான்கு.

ஒன்று: ரெசின் யாருடையது, அதற்கு அப்புறம் என்னென்ன தொட்டது? பி.எஃப்.ஏ. மூலக்கூறுச் சங்கிலியின் நுனிகளைச் சரியாகப் பதப்படுத்தாவிட்டால் ஃபுளோரைடு கசியும். உருக்கி வார்க்கும் எந்திரத்தின் ஸ்க்ரூ சாதா எஃகாக இருந்தால், சூட்டில் வரும் அமில ஆவி அதை அரித்து உலோகத்தைக் கலந்துவிடும். அதனால் நிக்கல் கலப்புலோகம் வேண்டும். அலசிய தண்ணீர், மடித்த பை, ஒட்டிய லேபிள் வரைக்கும் கேட்கிறேன்.

இரண்டு: கடைசியாகக் கெட்டுப்போன லாட்டின் ஃபைலைக் காட்டுங்கள். "எங்களிடம் எதுவுமே கெட்டதில்லை" என்று சொல்பவரிடம் ஜாக்கிரதை. கெட்டது எது, எப்படிக் கண்டுபிடித்தார், யாருக்குச் சொன்னார் என்று தேதியோடு காட்டுகிறவர் பாதி தேர்வாகிவிட்டார்.

மூன்று: ஒவ்வொரு லாட்டிலும் ஒரு துண்டை எடுத்துப் பத்திரப்படுத்துகிறாரா? ஆறு மாதம் கழித்துச் சண்டை வந்தால் பேசப்போவது அந்தத் துண்டுதான், நாம் அல்ல.

நான்கு: இரண்டாவது சப்ளையர் நிஜமாகவே இரண்டாவதா? இரண்டு கடையில் வாங்கி, இருவரும் ஒரே ஆலையின் ரெசினை வாங்கியிருந்தால், நமக்கு இருப்பது ஒரு சப்ளையர்தான். 2019 ஜூலையில் ஜப்பான், தென்கொரியாவுக்குப் போகும் ஃபுளோரினேட்டட் பாலிஇமைடு, போட்டோரெசிஸ்ட், ஹைட்ரஜன் ஃபுளோரைடு ஆகிய மூன்றின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. 2023 மார்ச்சில்தான் தளர்த்தியது. 2022 டிசம்பரில் 3எம் நிறுவனம், ஃபுளோரோபாலிமர்கள் உள்ளிட்ட பி.எஃப்.ஏ.எஸ். வகைப் பொருட்களின் தயாரிப்பை 2025 இறுதிக்குள் விட்டுவிடுவதாக அறிவித்தது. நல்ல சப்ளையரும் ஒருநாள் கடையைக் கட்டலாம்.

விலையைக் கேட்பதில்லையா என்றால், கேட்கிறேன். ஐந்தாவதாக.

இதையெல்லாம் இந்த மேடையில் சொல்ல ஒரு காரணம் உண்டு. நேற்று என் வகுப்புத் தோழன் ஒருவன் துவாக்குடியில் இருக்கும் அவனுடைய பட்டறைக்கு அழைத்துப் போனான். அவன் அப்பா காலத்திலிருந்து பெல் நிறுவனத்துக்கு வேலை செய்துகொடுக்கும் பட்டறை. "குஜராத் தொலேராவுல 2024 மார்ச்சுல டாடா சிப் ஆலைக்கு அடிக்கல் போட்டாங்களே, 91,000 கோடி ரூபாயாமே. நம்மளால அங்க ஏதாவது சப்ளை பண்ண முடியுமாடா?" என்று கேட்டான். ஆர்டர் மெலிந்து, பதினெட்டுப் பேருக்குச் சம்பளம் போடுகிறவன் கேட்கும் கேள்வி அது. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

உடனே முடியாது என்றுதான் சொன்னேன். பாய்லர் தகடு வெட்டிய இடத்தில் பி.எஃப்.ஏ. வார்க்க முடியாது. சுத்த அறை, தண்ணீர், லேப், பொறுமை எல்லாம் வேண்டும். வேஃபரைத் தொடாத பாகங்களிலிருந்து, பிளாஸ்டிக் வெல்டிங்கிலிருந்து ஆரம்பிக்கலாம், வருஷக்கணக்கு ஆகும்.

அப்போது அவன் பட்டறைப் பையன் ஒருவன் தகடு வெட்டத் தயாரானான். வெட்டுவதற்கு முன், தகட்டின் ஓரத்தில் இருந்த ஹீட் நம்பரை மீதித் துண்டிலும் சுத்தியால் பஞ்ச் அடித்தான். யாரும் சொல்லவில்லை; யாரும் பார்க்கவும் இல்லை, நான் ஒருவனைத் தவிர. நம்பர் இல்லாத துண்டு எவ்வளவு நல்ல எஃகாக இருந்தாலும் பாய்லருக்கு ஆகாது என்பது அவனுக்குப் பழக்கத்திலேயே ஊறிப்போயிருந்தது. திருவெறும்பூரும் துவாக்குடியும் அறுபது வருஷமாகப் பழகிய பழக்கம் அது.

நண்பனிடம் சொன்னேன்: "மத்ததெல்லாம் காசு குடுத்தா வாங்கலாம்டா. இது வாங்க முடியாது. உங்கிட்ட இருக்கு." தூய்மை என்பது பொருளில் இருப்பது பாதிதான். மீதிப் பாதி, யாரும் பார்க்காதபோதும் நம்பர் அடிக்கிற கையிலும், "சார், பையை மாத்தப் போறோம், பரவாயில்லையா?" என்று முன்கூட்டியே போன் செய்கிற வாயிலும் இருக்கிறது.

தம்பி தங்கைகளே, நாளைக்கு உங்களில் சிலர் வாங்குகிறவராக இருப்பீர்கள், சிலர் விற்கிறவராக. வாங்குகிறவர்கள் பையையும் எழுதுங்கள். விற்கிறவர்கள் அந்தப் போனைச் செய்யுங்கள்.