செய்தியாய்ப் போகும் பணம்



மஸ்ஜித் இந்தியாவுக்குப் போனால் சேலைக்கடை, நகைக்கடை, பூக்கடை எல்லாம் பார்த்துவிட்டு, நம்மில் பலர் பணம் அனுப்பும் கடையிலும் வரிசையில் நிற்கிறோம். இங்கே முந்நூறு வெள்ளியைக் கட்டுகிறோம்; ஊரில் உறவினர் ரூபாயாக வாங்கிக்கொள்கிறார். நாம் கொடுத்த நோட்டா கடல் தாண்டிப் போகிறது? இல்லை. "இன்னாருக்கு இவ்வளவு கொடு" என்னும் கட்டளைதான் கணினிக்குக் கணினி தாவிப் போகிறது. அப்படியானால் திருடன் நோட்டைத் தொடவே வேண்டியதில்லை. பொய்க் கட்டளை ஒன்று போதும்.

இப்படி ஒரு களவு வங்காளதேசத்தில் நடந்தது. 2016 பிப்ரவரி 4, வியாழக்கிழமை. அந்நாட்டு மத்திய வங்கியின் கணினிகளுக்குள் நுழைந்தவர்கள், நியூயார்க் மத்திய வங்கிக்கு 35 கட்டளைகளை அனுப்பினார்கள். கேட்ட தொகை ஏறத்தாழ 95 கோடி டாலர். வங்கிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் சுவிஃப்ட் வலையமைப்பின் வழியாகவே அவை போயின. டாக்காவில் அச்செய்திகளைத் தாளில் அச்சடிக்கும் இயந்திரத்தையும் முடக்கிவிட்டார்கள். வெள்ளி டாக்காவில் விடுமுறை. சனியும் ஞாயிறும் நியூயார்க்கில். திங்கள் மணிலாவில் சீனப் புத்தாண்டு. நாள் பார்த்துத்தான் களவுக்குக் கிளம்பியிருக்கிறார்கள்!

பெரும்பாலான கட்டளைகளை நியூயார்க் வங்கி நிறுத்திவைத்தது. ஆயினும் 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலாவுக்குப் போய்விட்டது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி மீண்டது. பெறுபவரின் பெயரில் 'பவுண்டேஷன்' என்ற சொல் பிழையாக இருக்கக் கண்டு, இடையிலிருந்த வங்கி விளக்கம் கேட்டதே காரணம். எழுத்துப் பிழைக்கு நாங்கள் பள்ளியில் மதிப்பெண் குறைப்போம். அங்கே ஒரு பிழை இரண்டு கோடியைக் காப்பாற்றியது.

2018 மார்ச் 27ஆம் நாள் நம் பேங்க் நெகாராவிலும் பொய்ச் சுவிஃப்ட் செய்திகளால் பணம் எடுக்க முயன்றார்கள். மற்ற வங்கிகளோடு சேர்ந்து விரைந்து தடுத்ததால் ஒரு காசும் போகவில்லை.

செம்பனைத் தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். பாதையோரத்தில் ஒருவர் குலைகளை எண்ணி எழுதுகிறார். ஆலையில் இன்னொருவர் லாரியை நிறுக்கிறார். ஒரு புத்தகத்தைத் திருத்தினால் மற்றது காட்டிக்கொடுக்கும். கணினிகளும் அப்படித்தான் ஒன்றையொன்று சரிபார்க்க வேண்டும். சரிபார்ப்பவர்களிலேயே ஒருவர் பொய்யராக இருந்தால்? லெஸ்லி லாம்போர்ட், ராபர்ட் ஷோஸ்டாக், மார்ஷல் பீஸ் ஆகிய மூன்று அறிஞர்கள் 1982இல் இதற்குக் கணக்குப் போட்டார்கள். வெறும் வாய்ச்செய்தியானால் ஒரு பொய்யரைச் சமாளிக்க, அவரையும் சேர்த்து நால்வர் வேண்டும்; யாரும் போலியாகப் போட முடியாத கையெழுத்து இருந்தால் மூவரே போதும்.

வங்கி நம் கைப்பேசியில் கேட்கும் ஒப்புதலும், அனுப்பும் ரகசிய எண்ணும் அந்தக் கையெழுத்து போன்றவை. குறுஞ்செய்தியில் வரும் எண்ணைத் திருடர்கள் கைப்பற்ற முடிவதால், அதைவிடப் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி 2022இல் பேங்க் நெகாரா வங்கிகளைக் கேட்டுக்கொண்டது. "வங்கியிலிருந்து பேசுகிறோம், எண்ணைச் சொல்லுங்கள்" என்று யார் கேட்டாலும், எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும், சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு, நாளை பார்ப்போம் என்று இராமல் உடனே வங்கியையோ 997 எண்ணையோ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் தடுப்பதற்காகவே அந்த எண் 2022 அக்டோபரில் ஏற்படுத்தப்பட்டது.