உயிர் காக்கும் கொள்கையும் குடும்பத்தின் சுமையும்

(சமூகநலத் துறை அலுவலர்களும் சமூகப்பணி மாணவர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய உரை)



பிறவாத சிசுவின் உயிரும், தீராத நோயில் படுத்திருப்பவரின் உயிரும் அரசின் காவலுக்கு உரியவை என்னும் கருத்து உடையவன் நான். இக்கருத்தை ஏற்காதவர்களும் இந்த அவையில் இருக்கக்கூடும். அவர்களோடு வாதிட்டு வெல்வது இன்று என் நோக்கமன்று. உயிரைக் காக்க வேண்டும் என்று கூறும் சமுதாயம் அதன் செலவில் எவ்வளவை ஏற்கிறது, எவ்வளவைத் தனிக் குடும்பத்தின் தலையில் சுமத்துகிறது என்பதையே ஆராய விரும்புகிறேன். இரு தரப்பினரும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

சட்டம் வந்த வழி

நம் நாட்டில் 1860 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டப்படி, தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றிக் கருக்கலைப்புச் செய்வது குற்றமாக இருந்தது. ஆயினும் அது மறைவில் நடந்தே வந்தது. தகுதியற்றவர்களின் கையில் சிக்கிப் பெண்கள் பலர் மாண்டனர். இந்நிலையை ஆராய 1964 இல் சாந்திலால் ஷா குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரையை ஒட்டி 1971 இல் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் 20 வாரம் வரை அனுமதித்தது. 2021 இல் வந்த திருத்தம் குறிப்பிட்ட சில பிரிவினருக்கு அவ்வரம்பை 24 வாரமாக உயர்த்தியது. கருவில் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு கண்டறிந்தால், 24 வாரத்துக்குப் பின்னரும் கலைக்கலாம். தாயின் உயிரைக் காக்க உடனடித் தேவை ஏற்படின் வார வரம்பே இல்லை.

இவ்வரலாறு என் போன்றோருக்கும் ஒரு பாடம் ஆகும். தடை மட்டுமே இருந்த காலத்தில் சிசுவும் காக்கப்படவில்லை, தாயும் காக்கப்படவில்லை. சட்டத்தின் வரம்பு எதுவாயினும், ஒரு பெண் எந்த நிலைமையால் அந்த முடிவுக்குத் தள்ளப்படுகிறாள் என்பதைப் பார்க்காத கொள்கை பாதிக் கொள்கையே.

இரண்டு வழக்குகள்

உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த இரண்டு வழக்குகள் இதனை நன்கு விளக்கும். முதலாவது 2009 ஆம் ஆண்டினது. சண்டிகரில் அரசு இல்லத்தில் இருந்த, மன வளர்ச்சி குறைந்த இளம்பெண் ஒருத்தி பாலியல் கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்றாள். கருவைக் கலைக்கலாம் என்று உயர் நீதிமன்றம் கூறிற்று. அவளோ குழந்தையைப் பெற விரும்பினாள். அவளுடைய இசைவின்றிக் கலைத்தல் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாயையும் சேயையும் பராமரிக்கத் துணை நிற்பதாகத் தேசிய அறக்கட்டளை அளித்த உறுதியும் அப்போது கருத்தில் கொள்ளப்பட்டது.

இரண்டாவது 2023 அக்டோபரில் முடிந்த வழக்கு. இரு குழந்தைகளின் தாயான ஒரு பெண், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்று வந்த நிலையில் மூன்றாவது முறை கருவுற்றதை மிகத் தாமதமாக அறிந்தார். 26 வாரம் கடந்துவிட்டது. கருவில் குறைபாடு இல்லை. தாயின் உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லை. ஆகவே அனுமதி மறுக்கப்பட்டது. பிரசவச் செலவை அரசு ஏற்கும் என்றும், குழந்தையைத் தத்துக் கொடுப்பதா என்பது பெற்றோரின் முடிவு என்றும் கூறப்பட்டது.

முன்னதில் பெற விரும்பியவளின் உரிமை காக்கப்பட்டது. பின்னதில் விரும்பாதவரிடம் பெறுமாறு கூறப்பட்டது. இரண்டிலும் அரசு ஒரு பொறுப்பை ஏற்க நேர்ந்தது. உச்ச நீதிமன்றம் வரை சென்றவர்களுக்குக் கிடைத்த அந்த உறுதி, மாவட்ட மருத்துவமனையின் வாயிலில் தயங்கி நிற்கும் ஏழைப் பெண்ணுக்கும் கிடைக்கிறதா? இதுவே என் கேள்வி.

குடும்பத்துக்கு என்ன தருகிறோம்?

ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வதற்கில்லை. 1975 இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணி அங்கன்வாடியை ஊர்தோறும் கொண்டு சென்றது. மகப்பேறு விடுப்பு 2017 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் முதல் இரு குழந்தைகளுக்கு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் கட்டாயமாயிற்று. ஆயினும் வயலிலும் செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் உழைக்கும் பெண்ணுக்கு இந்த விடுப்பு எட்டாக் கனியே. அவளுக்கென உள்ள பிரதமரின் மகப்பேற்று உதவித் திட்டம் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் என்று வகுக்கப்பட்டது. ஆறு மாதக் கூலி இழப்புக்கு இத்தொகை எவ்வகையிலும் ஈடாகாது.

பெண் சிசுவின் நிலை இதனினும் வேதனைக்குரியது. ஆறு வயதுக்கு உட்பட்டோரில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1991 இல் 945 பெண் குழந்தைகள் இருந்தனர். 2001 இல் 927. 2011 இல் 920 க்கும் கீழே. பாலினம் அறியும் சோதனையைத் தடுக்கும் சட்டம் 1994 இலேயே வந்துவிட்டது. சட்டம் இருந்தும் எண்ணிக்கை சரிந்தது ஏன்? வரதட்சணையும் முதுமைக்கால அச்சமும் வீட்டினுள் அப்படியே இருந்ததுதான் காரணம்.

வாழ்வின் மறு கரையில்

இனி, நோயாளியின் பக்கம் வருவோம். மும்பையில் 1973 இல் கொடிய தாக்குதலுக்கு ஆளாகி நினைவிழந்த செவிலியர் ஒருவரை, அவர் பணியாற்றிய மருத்துவமனையின் செவிலியர்கள் 2015 இல் அவர் மறையும் வரை, ஏறத்தாழ 42 ஆண்டுகள், பேணிக் காத்தனர். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்துமாறு கோரிய மனுவை 2011 இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2018 இல், மீளும் வாய்ப்பற்றவருக்குச் செயற்கைச் சிகிச்சையை விலக்கவும் அதற்கென முன்கூட்டியே எழுதி வைக்கவும் இடமளித்தது; மருந்து செலுத்தி உயிரைப் போக்குவதற்கு இடமளிக்கவில்லை. இவ்வேறுபாடு இன்றியமையாதது. பயன் தராத சிகிச்சையை நிறுத்துவது இயற்கையை ஏற்பது. உயிரைப் போக்குவது வேறு.

ஆயினும் அச்செவிலியருக்குக் கிடைத்த பராமரிப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? வலி தாங்காமல் சாவை வேண்டுபவருக்கு முதலில் தேவைப்படுவது வலி நிவாரணம். 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் மார்பின் மருந்து நோயாளிக்கே அரிதாயிற்று. 2014 இல்தான் அச்சட்டம் தளர்த்தப்பட்டது. கோழிக்கோட்டில் 1993 இல் தொடங்கிய நோய்த்தணிப்புப் பணி கேரளம் முழுவதும் பரவி, 2008 இல் மாநிலக் கொள்கையே ஆயிற்று. அங்கே ஊராட்சியின் செவிலியர் வீடு தேடி வருகிறார். இது பிற மாநிலங்களாலும் இயலக்கூடியதே.

செய்ய வேண்டியவை

அலுவலர்களுக்கு என் வேண்டுகோள் நான்கு. தயக்கத்தோடு வரும் கருவுற்ற பெண்ணுக்கு, எவ்வித அச்சுறுத்தலும் தாமதமும் இன்றி, அவளுக்கு உரிய உதவிகள் அனைத்தும் ஒரே இடத்தில் தெரிவிக்கப்படட்டும். குழந்தையை ஒப்படைக்கும் பெற்றோருக்கு மறுசிந்தனைக்காகச் சட்டம் தரும் இரண்டு மாத அவகாசம் விளக்கப்படட்டும். கருவில் குறைபாடு கண்ட பெற்றோர், அத்தகைய குழந்தையை வளர்த்து வரும் பெற்றோரைச் சந்திக்க வழி செய்யப்படட்டும். ஆரம்ப சுகாதார நிலையந்தோறும் நோய்த்தணிப்புச் செவிலியர் ஒருவர் இருக்கட்டும்.

மாணவர்களே, உயிரின் மேன்மையைப் பற்றி மேடையில் பேசுவது எளிது. இரவெல்லாம் விழித்திருக்கும் தாய்க்கும், படுக்கையில் கிடக்கும் தந்தையைப் புரட்டிப் படுக்க வைக்கும் மகளுக்கும் அடுத்த வேளைக்கு ஒரு துணை வேண்டும். வரவு செலவுத் திட்டத்தில் அத்துணைக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டுள்ளது என்று முதலில் பாருங்கள். ஓர் அரசு உயிரை எவ்வளவு மதிக்கிறது என்பது அந்த எண்ணிலிருந்தே தெரியும்.