பேங்க் ஒத்துப்போச்சு, பேரேடு?



நாகல் நகரில் கடை கடையாகப் போய்க் கணக்கு எழுதுகிறவன் நான். காலையில் ஒரு கடை, சாயங்காலம் இரண்டு. பழைய கணக்குப்பிள்ளை கக்கத்தில் பேரேட்டோடு வருவார். நான் வெறுங்கையோடு போய்க் கம்ப்யூட்டரில் டேலியைத் திறக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

வருஷக் கடைசியில் ஒரு நாள். சேலை நெய்ய வைத்து விற்கிற கடை அது. உள்ளே நுழையும்போதே முதலாளி போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். எதிர்முனையில் நூல் வியாபாரி.

"முப்பத்து மூவாயிரத்து அறுநூறு பாக்கியா? எப்பவோ கட்டியாச்சு. பேங்க்கோட ஒட்டிப் பாத்த கணக்குங்க இது!"

ஒட்டிப் பார்த்தவன் நான்தான். வயிற்றில் புளியைக் கரைத்தது.

நூல்காரர் பேரேட்டைத் திறந்தேன். ஏழு பட்டுவாடா, ஒவ்வொன்றும் 4,800 ரூபாய். ஏழும் சனிக்கிழமை. நூல்காரருக்கு யார் வாராவாரம் ஒரே தொகையைக் கட்டுவார்கள்? சனிக்கிழமை நெசவுக் கூலி நாள். பேங்க் ஸ்டேட்மென்டில் யூபிஐ என்று போட்டு நீளமாய் ஒரு நம்பர், பிறகு பாதிப் பெயர். நெசவாளிக்கும் நூல்காரருக்கும் பெயரின் முதல் பாதி ஒன்று. மீதியை நூல்காரர் என்று நானே பூர்த்தி செய்திருக்கிறேன்.

இதில் பாருங்கள், எங்கேயும் மணி அடிக்கவில்லை. பேங்க் இருப்பு ஒத்துப்போனது. இருப்பாய்வும் காசு பிசகாமல் நின்றது. ஒட்டிப் பார்ப்பது என்றால், நம் புத்தகத்தில் உள்ள பணம் பேங்க்கிலும் அந்தத் தேதியில் போனதா, வந்ததா என்று பார்ப்பது. எதற்காகப் போனது என்று பேங்க் சொல்லாது. ஆனால் அந்த 33,600 கூலியில் ஏறாததால், லாபம் அவ்வளவுக்கு அதிகமாகத் தெரிந்தது. இல்லாத லாபத்துக்கு வரி கட்டியிருப்போம்.

"ஒட்டின கணக்கைத் தொடலாமா?" என்றார் முதலாளி. பலருக்கும் இந்தப் பயம் உண்டு. தொடலாம். ஒட்டிப் பார்க்கும்போது போடும் பேங்க் தேதி ஒட்டிக்கொண்டிருப்பது பதிவின் பேங்க் வரியோடு. எதிர்வரியில் நூல்காரர் இருந்தாலும் கூலி இருந்தாலும் பேங்க்குக்குக் கவலை இல்லை. தேதி, தொகை, பேங்க் கணக்கு இந்த மூன்றிலும் கை வைக்காமல், எதிர்வரியை மட்டும் மாற்றினால் போதும். அவசரக்காரர்கள் பதிவையே அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவார்கள். ஒட்டின தேதியும் அதோடு போய்விடும்; அடுத்த மாதம் பேங்க் ஒத்துவரவில்லை என்று ராத்திரி முழுக்கத் தேட வேண்டியதுதான். நானும் அப்படித் தேடியவன்தான்.

கணக்கு முடித்து, வருமான வரியும் தாக்கல் செய்த பழைய வருஷம் என்றால் கதை வேறு. அதைத் திறந்து மாற்றினால் கொடுத்த கணக்கு ஒன்று, கையில் இருப்பது ஒன்று என்றாகிவிடும். அங்கே டேலியில் எஃப்7 அழுத்தி, இந்த வருஷத்தில் ஒரு ஜர்னல் போட்டு, காரணத்தையும் கீழே எழுதி, ஆடிட்டரிடம் சொல்லிவிட வேண்டும். கம்பெனிகளுக்கோ 2023 ஏப்ரல் 1 முதல் சட்டமே வந்துவிட்டது: யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற தடம் சாப்ட்வேரில் நிற்க வேண்டும், அதை அணைக்கவும் முடியக்கூடாது. எங்கள் முதலாளி தனி ஆள், அந்தச் சட்டம் அவரைத் தொடாது. இருந்தாலும் ஏழு பதிவிலும் "கூலி, பெயர் மாறி ஏறியது" என்று குறித்து வைத்தேன். பெயர் தெரியாத பணத்தை இனி அனாமத்தில் போட்டுவிட்டு, கேட்டு மாற்றுவது என்றும் முடிவு செய்தேன்.

ஏழு பதிவையும் கூலிக்கு மாற்றியதும் நூல்காரர் பாக்கி 33,600 என்று திரையில் வந்தது. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுப் பார்த்தார். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

"நீயே சொல்லுப்பா."