மீன் குட்டையில் கொட்டிய மூணு மூட்டை சுண்ணாம்பு

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மைக் பிடிச்சுப் பேசறது இதுதான் முதல் தடவை. மீன் வளர்த்ததைப் பத்திப் பேசுன்னு கூப்பிட்டாங்க. முதல்ல தோத்ததைத்தான் சொல்லப் போறேனுங்க.

எங்க ஊரு திருச்செங்கோட்டுக்கும் சங்ககிரிக்கும் நடுவில். வீட்டுக்காரர் போர்வெல் வண்டியில் வேலை, வருசத்தில் பாதிக்கு மேல வடக்கேதான். மாமியாரும் நானும்தான் தோட்டத்தையும் எருமையையும் பாக்கறோம். மேட்டுக்காட்டில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டினோம். முப்பது மீட்டர் நீளம், முப்பது மீட்டர் அகலம். நம்ம கணக்குல 22 சென்ட். மீன் விடலாம்னு குழுவில் 25,000 ரூபாய் கடன் வாங்கினேன்.

கையில் ஒரு நோட்டீஸ் இருந்தது. "புதுக் குட்டையில் தண்ணீர் விடும் முன் அடியில் சுண்ணாம்பு இட வேண்டும்"னு போட்டிருந்தது. அதுக்குக் கீழே ஒரு கட்டம், மண்ணுக்குத் தகுந்த அளவு. அதை நான் படிக்கவே இல்லை. கடைக்காரர் "புதுக் குட்டைதானே, மூணு மூட்டை போடுங்க"ன்னார். சுட்ட சுண்ணாம்பு, 150 கிலோ. கொட்டினேன். மறுநாளே மோட்டாரைப் போட்டு மூணு அடி தண்ணி நிரப்பினேன். தண்ணி மோர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. நாலாம் நாள் கட்லா, ரோகு, மிருகால்னு 900 குஞ்சு விட்டேன். விடிஞ்சு போய்ப் பாத்தா அத்தனையும் வயிறு காட்டி மிதக்குது.

அந்த வாரக் கூட்டத்துக்கு நான் போகலீங்க. எனக்காக ஜாமீன் நிக்கிற பத்துப் பேர் முகத்தைப் பாக்க முடியல. தலைவி அக்காதான் வீடு தேடி வந்தாங்க. திட்டல. "என்ன நடந்ததோ அதை அப்படியே வந்து சொல்லு, நோட்டுல எழுதிக்கலாம்"னாங்க.

எங்க மாமியார் பழைய குழு ஆளு. 1989-ல தர்மபுரியில் ஆரம்பிச்ச மகளிர் குழு, அப்புறம் சேலத்துக்கு வந்துச்சே, நாமக்கல் தனி மாவட்டம் ஆகறதுக்கு முன்னால, அந்தக் காலத்து உறுப்பினர். அவங்க சொன்னாங்க: "வெத்தலைக்குத் தடவற சுண்ணாம்பு ஒரு துளி கூடுனாலே நாக்கு வெந்துரும். நீ மூணு மூட்டை கொட்டியிருக்கியே கண்ணு."

அப்புறம் மீன் விவரம் தெரிஞ்ச ஒரு அம்மா வந்து பாத்தாங்க. பி.எச். காகிதத்தைத் தண்ணியில் நனைச்சாங்க. பத்தைத் தாண்டியிருந்தது. பி.எச்.ன்னா ஒண்ணும் பயப்படாதீங்க. ஏழுன்னா நடு. அதுக்குக் கீழ புளிப்பு, மேல காரம். ஒரு நம்பர் ஏறினா காரம் பத்து மடங்கு. மீனுக்கு ஏழுல இருந்து எட்டரை வரைக்கும் நல்லது. பிறகு கரையில் கிடந்த மண்ணுல ரெண்டு சொட்டு ஆசிட் விட்டாங்க. சோடா மாதிரி பொங்குச்சு. "இதுல வெள்ளை வெள்ளையா இருக்கறது என்ன?"ன்னு கேட்டாங்க. சுக்கான் கல்லுங்க. குட்டை வெட்டின ஜே.சி.பி. தம்பிகூட அன்னைக்கே சொன்னான், நான் காதுல வாங்கல.

சுக்கான்னா சுண்ணாம்புதான். சங்ககிரிப் பக்கம் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக் கல் வெட்டி எடுக்கிற பூமி நம்மது. அந்த மண்ணுக்கு மேல நான் காசு கொடுத்துச் சுண்ணாம்பு போட்டிருக்கேன்! இன்னும் ஒண்ணு. வீட்டில் ரேசன் கார்டு கவருக்குள்ள எங்க காட்டு மண்வள அட்டை இருந்தது. அதில் 8.2-ன்னு எழுதியே இருந்துச்சு.

அதனால கேளுங்க. புளிப்பு மண்ணுக்குத்தான் சுண்ணாம்பு அதிகம் வேணும். ஏற்காடு மாதிரி மழை கொட்டுற மலை மண்ணு அப்படி. நடுத்தர மண்ணுன்னா எக்டேருக்கு 200 முதல் 250 கிலோ, அதாவது சென்டுக்கு ஒரு கிலோவுக்குள்ள. அந்தக் கணக்குல பாத்தாலும் எனக்கு 22 கிலோ போதும். எட்டுக்கு மேல இருக்கிற மண்ணுல, அதுவும் புதுசா வெட்டின குட்டையில, தேவையே இல்லை. பழைய குட்டை, சேறு நாறுது, போன தடவை மீனுக்கு நோய் வந்துச்சுன்னா அது வேற. அப்பக் காய வெச்சுப் போடறது கிருமிக்காக.

மண்ணு எடுக்கும்போது மேல் மண்ணை எடுக்காதீங்க. குட்டை அடியில் நாலு மூலை, நடுவுல ஒண்ணுன்னு எடுத்துக் கலந்துக்கோங்க. ஆறடி ஆழத்துல மண்ணே வேற.

போட வேண்டி வந்தா, பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஊற வைப்போமே, அதே பதனம் வேணும். தண்ணியில சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமா போடணும். சுண்ணாம்பு மேல தண்ணி ஊத்தினா தெறிக்கும். பிளாஸ்டிக் பக்கெட் உருகிடும், இரும்பு டிரம்தான். முழுக்கைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்குத் துணி, காத்துக்கு முதுகைக் காட்டி நின்னு தூவணும். கண்ணுல பட்டா நல்ல தண்ணியில ரொம்ப நேரம் கழுவிக்கிட்டே இருந்துட்டு உடனே ஆஸ்பத்திரி. பிள்ளைங்களைக் கிட்ட விடாதீங்க. சாணியைச் சேத்துப் போட வேண்டாம், சாணியில இருக்கிற சத்து ஆவியாப் போயிரும். ஒரு வாரம் இடைவெளி விடுங்க.

நான் 20 நாள் குட்டையை அப்படியே விட்டேன். காத்துப் பட்டுப் பட்டுக் காரம் இறங்கும்னு சொன்னாங்க, இறங்குச்சு. காகிதம் எட்டரை காட்டின பிறகு சாணி கரைச்சு விட்டேன். தண்ணி பச்சையாச்சு. முழங்கை வரைக்கும் கையை விட்டா உள்ளங்கை மங்கலாத் தெரியணும், அந்தப் பதம். மேட்டூரில் இருந்து மறுபடி குஞ்சு வந்தது. பையைத் தண்ணியில கால் மணி நேரம் மிதக்க விட்டு, மெதுவாத் திறந்தேன். பத்து மாசத்துல ஒவ்வொண்ணும் முக்கால் கிலோ வந்துச்சுங்க. முதல் குஞ்சுக்கும் சுண்ணாம்புக்கும் போன காசு எருமைப் பாலில்தான் அடைஞ்சது. தவணை மட்டும் ஒண்ணுகூடத் தவறல.

பி.எச். காகிதக் கட்டு ஒண்ணு நம்ம கூட்டமைப்பு ஆபீஸ் பீரோவில் வாங்கி வெச்சிருக்கு, சாவி செயலாளர் அக்காகிட்ட. முழுசா மண்ணு பாக்கணும்னா நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, சேலத்துக்காரங்களுக்குச் சந்தியூரில். குட்டை வெட்டறவங்க ஒரு மஞ்சப்பையில் அடிமண்ணு கொண்டு வாங்க, நான் கூட வரேன்.