படிக்கும்போதே ஆஸ்பத்திரி வேலை: ஏற்கலாம், ஏமாறக் கூடாது!



நர்ஸிங் படிக்கும் பிள்ளைகள் இன்று நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். வரவேற்க வேண்டிய மாற்றம் இது. அவர்களில் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "படித்துக்கொண்டே ஏதாவது ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கலாமா?" கட்டணம் கட்ட வேண்டும், பெற்றோருக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் பிறந்த கேள்வி. அதற்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். பார்க்கலாம். ஆனால் உதவியாளராகத்தான் பார்க்கலாம். நர்ஸ் என்ற பெயரில் பார்க்கக் கூடாது.

நர்ஸ் என்பவர் யார்? வெள்ளை உடை அணிந்தவர் எல்லாம் நர்ஸா? இல்லை. மூன்றாண்டு ஜி.என்.எம். படிப்பையோ, நான்காண்டு பி.எஸ்ஸி. நர்ஸிங் படிப்பையோ முடித்து, மாநில கவுன்சிலில் பதிவு செய்து, பதிவு எண் பெற்றவரே நர்ஸ். நமது மாநிலத்தில் இதற்கான சட்டம் நேற்று வந்ததல்ல. 1926ஆம் ஆண்டே வந்தது. ஓராண்டில் நர்ஸ் ஆக்குகிறோம் என்று சுவரொட்டி ஒட்டுபவர்கள் தரும் சான்றிதழுக்கு இந்தப் பதிவு கிடைக்காது. இதையும் பெற்றோர்கள் மனத்தில் கொள்ளுங்கள்.

சில சிறிய மருத்துவமனைகள் மாணவிகளைத் தேடி வருவதுண்டு. "இரவு டூட்டி மட்டும் பார், போதும்" என்பார்கள். போனால் வார்டு முழுவதும் அந்தப் பெண் பொறுப்பில்! ஏன் இப்படி? உச்ச நீதிமன்ற உத்தரவை அடுத்து 2016இல் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. 50 படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸின் சம்பளம் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. பதிவு பெற்றவருக்குத் தர வேண்டியதை மிச்சப்படுத்தவே மாணவியைத் தேடுகிறார்கள். இதில் லாபம் யாருக்கு, ஆபத்து யாருக்கு என்று சிந்தித்துப் பாருங்கள்!

ஆபத்து என்று சும்மா சொல்லவில்லை. இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் அது ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு வலிமைகளில் கிடைக்கிறது. 40க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்து, அதன் கோட்டைப் பார்த்துப் போட்டால் உடம்புக்குள் போவது இரண்டரை மடங்கு! சர்க்கரை அடியோடு இறங்கி, தூக்கத்திலேயே நோயாளியின் உயிர் போய்விடலாம். பொட்டாசியம் குளோரைடு மருந்தை நீர்க்கச் செய்யாமல் நரம்பில் வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். நடுநிசியில், பக்கத்தில் கேட்பதற்கு ஆள் இல்லாமல், இரண்டாம் ஆண்டு மாணவி இந்தப் பொறுப்பைச் சுமக்க வேண்டுமா? தவறு நேர்ந்தால் கேஸ் ஷீட்டில் இருப்பது யாருடைய கையெழுத்து?

"அனுபவம் கிடைக்குமே" என்பீர்கள். வளைகுடா நாடுகளுக்குப் போக விரும்பும் பிள்ளைகள் கவனமாகக் கேளுங்கள். அங்கே லைசென்ஸுக்கு விண்ணப்பித்தால், பதிவு பெற்ற பிறகு பார்த்த வேலையைத்தான் அனுபவமாகக் கணக்கில் எடுப்பார்கள். நீங்கள் கொடுக்கும் சான்றிதழ் உண்மைதானா என்று அதைக் கொடுத்த இடத்திலேயே விசாரிப்பார்கள். படிக்கும்போது நர்ஸாக வேலை பார்த்த ஆண்டுகள் அங்கே செல்லாக்காசு!

வருகைப் பதிவும் இருக்கிறது. வகுப்பில் 80 சதவீதம் வேண்டும். செய்முறைப் பயிற்சியோ, பட்டம் பெறுவதற்குள் 100 சதவீதமும் முடித்திருக்க வேண்டும். இரவெல்லாம் விழித்தவர் காலையில் வகுப்பில் என்ன கற்பார்?

பிரிட்டனில் நர்ஸிங் மாணவர்கள் மருத்துவமனையில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பது சாதாரணம். ஆனால் என்ன பெயரில்? ஹெல்த்கேர் அசிஸ்டென்ட், அதாவது உதவியாளர் என்ற பெயரில். அங்கே படிப்புக்குரிய 4,600 மணி நேரத்தில் பாதி நேரடிப் பயிற்சி. சம்பளத்துக்குப் பார்க்கும் வேலை பொதுவாக அந்தக் கணக்கில் சேர்வதில்லை. வேலை வேறு, பயிற்சி வேறு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். நாமும் அப்படிப் பிரிப்போம்.

அப்படியானால் எந்த வேலையை ஏற்கலாம்? நோயாளியைக் குளிப்பாட்டுவது, உணவூட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, ஸ்கேனுக்கு அழைத்துச் செல்வது, புறநோயாளிகளுக்குச் சீட்டுப் பதிவது, மொழி தெரியாதவருக்கு எடுத்துச் சொல்வது: இவை எல்லாம் கண்ணியமான வேலைகளே. படுக்கைப் புண் எப்படி வருகிறது என்பதைப் புத்தகம் சொல்லும். புரட்டிப் படுக்க வைத்த கைக்கு அது மறக்கவே மறக்காது.

வேலை தேடும் முறையையும் சொல்கிறேன். முதலில் உங்கள் கல்லூரி முதல்வரிடம் அனுமதிக் கடிதம் கேளுங்கள். பயிற்சிக்குப் போன வார்டிலேயே உங்களை அறிந்த சிஸ்டர் மூலம் நர்ஸிங் சூப்பிரண்டைப் பாருங்கள். விடுமுறை மாதங்களில் பகல் வேலையாகக் கேளுங்கள். "உதவியாளர்" என்று எழுதிய நியமனக் கடிதம் பெறுங்கள். அசல் சான்றிதழ்களை எவரிடமும் ஒப்படைக்காதீர்கள், நகல் போதும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணைகளையும், ஆறு மாதக் கணக்கில், முன்கூட்டியே போட்டு முடியுங்கள். "இந்த ஊசியை நீயே போட்டுவிடு" என்று சொன்னால், "நான் மாணவி, சிஸ்டரைக் கூப்பிடுகிறேன்" என்று சொல்லத் தயங்காதீர்கள். அதனால் வேலை போனால் போகட்டும். அடுத்த வேலை கிடைக்கும்; போன உயிர் திரும்பாது.

வணிகப் பெருமக்களே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பெண் இரவு டூட்டிக்குச் சம்மதிப்பது பெரும்பாலும் ஹாஸ்டல் கட்டணத்துக்காகத்தான். உங்கள் தெருவில் நர்ஸிங் படிக்கும் ஒரு பிள்ளையின் அந்தக் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் கடைக் கணக்கை எழுதச் சொல்லிக் கூலி கொடுங்கள். உங்களில் மருத்துவமனை நடத்துபவர்கள், டிரஸ்டில் இருப்பவர்கள் இருந்தால், இன்றிரவே உங்கள் டூட்டிப் பட்டியலை வாங்கிப் பாருங்கள். நர்ஸ் என்று எழுதியுள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பதிவு எண் இருக்கிறதா? இல்லாத பெயர் ஒன்று இருந்தாலும் அந்த இடத்தில் பதிவு பெற்றவரை அமர்த்துங்கள். அந்த மாணவியை உதவியாளராக வைத்துக்கொண்டு படிக்க விடுங்கள்.

நாளை அந்தக் கட்டிலில் படுக்கப்போவது நம் தாயாகவும் இருக்கலாம்!